தேசியக் கடல்சார் நாளும் மறக்கப்பட்ட கடலோடிகளும்

தமிழில் நாம் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபாகும். கற்பிப்பவர், ஆசிரியர் என்பதே அதன் நேர்ப்பொருள். விண்மீன்களைக் கொண்டு திசையறிந்து, பருவக்காற்றின் போக்கைக் கணித்து, மரக்கலத்தைக் கரை சேர்ப்பவரை இந்துமாக்கடலோரத்து மக்கள் ஆசிரியர் என்றே அழைத்தனர். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அரபு மாலுமி அஹ்மது இப்னு மாஜித் தமது 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் நூலில் விண்மீன்களையும் காற்றுப் பருவங்களையும் கரையோர அடையாளங்களையும் விரித்துரைத்ததோடு, ஒரு முஅல்லிமிடம் இருக்கவேண்டிய பண்புகளையும் எடுத்துரைத்தார். கலத்தைச் செலுத்துவது ஒரு கல்வி. அக்கல்வி உடையவர் மதிப்புக்குரியவர் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது.

இன்று பல நாடுகள் கடல் வாணிபத்தையும் கடல்சார் மரபையும் போற்ற ஆண்டுதோறும் ஒரு நாளை ஒதுக்கியுள்ளன. நம் நாட்டில் ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாளாகும். அந்நாள் எவ்வாறு தோன்றியது, அதில் கடலோடி என்னும் மனிதர் எந்த இடத்தைப் பெறுகிறார் என்பதை இங்கு நோக்குவோம்.

'லாயல்டி' புறப்பட்ட நாள்

1919 ஏப்ரல் 5 அன்று 'எஸ்.எஸ். லாயல்டி' என்னும் நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியோர் அவ்வாண்டு தொடங்கிய சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்கு உரியது அது. 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கட்டப்பட்டு, 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' என்னும் பெயரில் பசிபிக் மாக்கடலில் ஓடிய கப்பல் அது. குவாலியர் மகாராஜா அதனை வாங்கி, முதல் உலகப்போரின்போது மருத்துவமனைக் கப்பலாக்கி, பேரரசின்பால் தமக்கிருந்த பற்றைக் காட்ட 'விசுவாசம்' எனப் பொருள்படும் 'லாயல்டி' என்னும் பெயரைச் சூட்டினார். அப்பெயர் தாங்கிய கப்பலே ஆங்கிலேயரின் கப்பல் ஆதிக்கத்தை எதிர்த்த இந்திய முயற்சியின் அடையாளமாயிற்று.

வணிக நோக்கில் அக்கப்பல் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1923ஆம் ஆண்டு அது உடைப்பதற்கு விற்கப்பட்டது. எனினும் அதன் முதற்பயணம் தேசத்தின் நினைவில் நின்றது. 1964 முதல் ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அதற்கு முந்தைய நாட்கள் வணிகக் கப்பற்படை வாரமாக அனுசரிக்கப்படுகின்றன. வணிகக் கப்பற்படைக் கொடியின் சிறு வடிவத்தைப் பிரதமரின் ஆடையில் அணிவித்து அவ்வாரத்தைத் தொடங்கிவைப்பது மரபு.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்

சுதேசிக் கப்பல் முயற்சியின் தொடக்கம் பம்பாயில் அன்று, தூத்துக்குடியில் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி, இரண்டு இலட்சம் ரூபாயை ஒருவராகவே ஈந்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் கட்டணத்தை அடியோடு குறைத்துப் போட்டியிட்டது. 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்படுத்தப்பட்டார். நிறுவனமும் நலிந்து மறைந்தது. கட்டணக் குறைப்பு என்னும் அதே படைக்கலத்தையே பின்னாளில் சிந்தியா நிறுவனமும் எதிர்கொண்டது. ஒன்று வீழ்ந்தது, மற்றொன்று பெருமுதலின் துணையால் தாக்குப்பிடித்தது. ஆகவே, ஏப்ரல் 5ஐக் கொண்டாடும்போது 1906ஐயும் இணைத்து எண்ணுவதே வரலாற்றுக்கு முறையாகும்.

பிற நாடுகளின் தேர்வு

ஒரு நாடு எந்நிகழ்வைத் தெரிந்தெடுத்து நினைவுகூர்கிறது என்பது அதன் நோக்கைக் காட்டும். அமெரிக்கா 1933ஆம் ஆண்டு மே 22ஐத் தேசியக் கடல்சார் நாளாக அறிவித்தது. 1819இல் 'சவன்னா' என்னும் கப்பல் நீராவிப் பொறியின் துணையோடு அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட நாள் அது. பிரித்தானியாவோ 2000 முதல் செப்டம்பர் 3ஐ வணிகக் கப்பற்படை நாளாகக் கொண்டுள்ளது. 1939இல் போர் அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், 'அதீனியா' என்னும் பயணிகள் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட நாள் அது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஜூன் 25ஐக் கடலோடிகள் நாளாக வகுத்தது. 2010இல் மணிலாவில் கடலோடிகளின் பயிற்சி, சான்றளிப்பு ஆகியன குறித்த உடன்படிக்கை திருத்தியமைக்கப்பட்டதன் நினைவாக அந்நாள் அமைந்தது.

அமெரிக்காவும் இந்தியாவும் கப்பல் புறப்பட்டதைப் போற்றுகின்றன. பிரித்தானியா இழப்பை நினைக்கிறது. ஜூன் 25 மட்டுமே கடலோடியை நேராக முன்னிறுத்துகிறது.

பெயர்ப் பட்டியலில் மட்டும் வாழ்வோர்

நம் கடல்சார் நாளின் வரலாறு கூறப்படும்போது முதலீட்டாளர்களின் பெயர்கள் ஒலிக்கின்றன. கப்பலின் பெயர் ஒலிக்கிறது. பொறியறையில் கரி அள்ளியோரின் பெயர்கள் ஒலிப்பதில்லை. 'லஸ்கர்' எனப்பட்ட இந்தியக் கடலோடிகள் பிரித்தானிய வணிகக் கப்பல்களின் முதுகெலும்பாக விளங்கினர். இரண்டாம் உலகப்போருக்கு முன் அக்கப்பல்களில் பணியாற்றியோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் லஸ்கர். மேல்தளப் பணிக்குக் கொங்கணம், குஜராத், நவகாளி, சிட்டகாங் பகுதியினர். அனல் தகிக்கும் பொறியறைக்குச் சில்ஹட், பஞ்சாப் பகுதியினர். உணவுப் பணிக்குக் கோவாவினர் எனப் பகுத்து அமர்த்தினர். தளத்திலும் பொறியறையிலும் உழைத்தோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சாரங்கு எனப்பட்ட தலைவரே ஆள் சேர்ப்பவர், அவரே மேற்பார்வையாளர். ஐரோப்பியக் கடலோடி பெற்ற ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே இவர்களுக்குக் கிடைத்தது. 1939இல் போர் மூண்டதும் ஊதிய உயர்வு கேட்டு இவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஆயினும் ஊதியம் உயர்ந்தது. சில்ஹட்டைச் சேர்ந்த ஆஃப்தாப் அலி இக்கடலோடிகளைச் சங்கமாகத் திரட்டிய தலைவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

இவர்களது உயிரிழப்பு சிறிதன்று. முதல் உலகப்போரில் மாண்ட வங்காளம், அசாம், மேல் இந்தியக் கடலோடிகள் 896 பேரின் நினைவாகக் கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் 1924ஆம் ஆண்டு ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மும்பையில் மஸ்ஜித் பந்தர்ப் பகுதியிலுள்ள மாலுமிகள் இல்லத்தில் அப்போரில் இறந்த 2,000க்கும் மேற்பட்டோர் நினைக்கப்படுகின்றனர். இரண்டாம் உலகப்போரில் மடிந்த 6,000க்கும் மேற்பட்ட கடற்படை, வணிகக் கப்பற்படையினரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஏடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. ஹஜ் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கெனச் சிந்தியா நிறுவனம் 1937இல் ஓடவிட்ட 'அல் மதீனா' கப்பலும் போர்ப்பணியில் ஈடுபடுத்தப்பட்டு, 1944 மார்ச்சில் வங்காள விரிகுடாவில் ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.

இன்றைய நிலை

இவை பழங்கதைகள் என ஒதுக்குவதற்கில்லை. 2020இல் பெருந்தொற்றால் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் இலட்சக்கணக்கான கடலோடிகள் கரையிறங்க இயலாது கப்பல்களிலேயே தங்கினர். 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடென்ஸ்' என்னும் சரக்குக் கப்பல் தாக்கப்பட்டு, எந்தப் போரிலும் சேராத மூவர் உயிரிழந்தனர்.

இவற்றினும் ஓசையின்றி நிகழும் கொடுமை கைவிடப்படுதல். கப்பல் உரிமையாளர் கடன்பட்டோ, ஏமாற்றும் எண்ணத்தோடோ கப்பலையும் அதிலுள்ளோரையும் அயல்நாட்டுத் துறைமுகத்தில் விட்டு விலகுகிறார். ஊதியம் நிற்கிறது, உணவும் எரிபொருளும் தீர்கின்றன. கப்பலை விட்டு இறங்கினால் உழைத்த கூலிக்கான உரிமை நழுவுமோ என அஞ்சிக் கடலோடி அதிலேயே காத்திருக்கிறார். 2024ஆம் ஆண்டில் மட்டும் 312 கப்பல்களில் 3,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கைவிடப்பட்டதாகப் பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு பதிவு செய்தது. அவர்களுள் இந்தியரின் எண்ணிக்கையே மிகுதி.

இதற்குத் தீர்வாக 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உள்ளது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. இரண்டு மாதங்கள் ஊதியம் தராமல் தொடர்பறுத்தாலே அது கைவிடுதல் எனக் கொள்ளப்படும். ஊதியம், உணவு, தாயகம் திரும்பும் செலவு ஆகியவற்றுக்கு உரிமையாளர் முன்கூட்டியே காப்புறுதி செய்திருக்க வேண்டும். ஆனால் குறைந்த கட்டணத்திற்குக் கொடி வழங்கும் நாடுகளில் பதிவான பழங்கப்பல்கள் பல, இக்காப்புறுதியின்றியே கடலில் ஓடுகின்றன. போலி முகவர்களிடம் பணம் கொடுத்து வேலை பெறும் கடலோர இளைஞர்களே பெரும்பாலும் அவற்றில் சிக்குகின்றனர்.

ஆதலால் ஏப்ரல் 5 முழுமையான பொருள் பெற வேண்டுமாயின், விருதுகளும் உரைகளும் மட்டும் போதா. மும்பையிலும் கல்கத்தாவிலுமுள்ள நினைவிடங்களில் மாண்டோரின் பெயர்கள் அன்று உரக்க வாசிக்கப்பட வேண்டும். அவ்வாண்டில் கைவிடப்பட்ட நம் கடலோடிகள் எத்தனை பேர், மீட்கப்பட்டோர் எத்தனை பேர் என்னும் கணக்கு அன்று நாட்டின்முன் வைக்கப்பட வேண்டும். வேலை தேடும் இளைஞர்க்கு உரிமம் பெற்ற முகவர் யார், உடன்படிக்கை அளிக்கும் உரிமைகள் எவை என்பனவற்றைக் கடலோர ஊர்களின் பள்ளிகளும் ஜமாஅத்துகளும் அந்நாளில் எடுத்துரைக்கலாம். மாலுமியை ஆசிரியர் என்று அழைத்த மரபுக்கு உரியவர்கள் நாம். அம்மரபுக்குச் செய்யும் மரியாதை இவ்வகையில் அமைவதே பொருத்தமாகும்.