பரிமாற்றப் படிப்பு வேறு, வெளிநாட்டு வேலை வேறு

“கெம்பஸ்ல தாதிப் படிப்பு படிக்கிற புள்ள ஆறு மாசம் சுவீடன் போகலாமாம். ஏஜென்டுக்கு எவ்வளவு கட்டணும்?” என்று தோட்டங்களில் எம்மிடம் கேட்கிறார்கள். ஏஜென்டுக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம் என்பதே எமது பதில்.

இதற்கு மாணவர் பரிமாற்றம் என்று பெயர். இங்குள்ள பல்கலைக்கழகமும் அங்குள்ள பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் செய்து மாணவரைத் தெரிவு செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் 2015 முதல் இலங்கை போன்ற நாடுகளுக்கும் இவ்வாறு இடம் தருகிறது. சுவீடன், டென்மார்க், நோர்வே மூன்றும் அதில் உண்டு. அத்திட்டத்தில் போனால் அங்கே படிப்புக் கட்டணம் இல்லை. பயணத்துக்கும் மாதச் செலவுக்கும் உதவிப்பணம் கிடைக்கும். அங்கு படித்தது இங்குள்ள பட்டத்தோடு சேரும். தவணை முடிந்ததும் திரும்பி வந்து பட்டத்தை முடிக்க வேண்டும். இது சம்பள வேலை அல்ல.

பிள்ளை அங்கே என்ன பார்க்கும்? நோர்வேயில் ஊருக்கு ஊர் உள்ள சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இலவசமாகப் பரிசோதிப்பார்கள். எங்கள் மருத்துவிச்சி லயத்துக்கே வந்து பார்ப்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்ல எமது பிள்ளையிடமும் விஷயம் உண்டு.

ஆனால் அந்தப் பாதை பதுளையிலேயே தொடங்குகிறது. தாதியர் பட்டத்துக்கு உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். அது எல்லாத் தோட்டப் பாடசாலையிலும் இல்லை, தூரமானாலும் அனுப்புங்கள். சாதாரண தரத்தோடு மகளை கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினால் கதவு அங்கேயே மூடிவிடும்.

யாராவது பணம் கேட்டால் பிள்ளையின் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். கையில் காசிருந்தால் அதை டியூசனுக்கும் ஆங்கிலத்துக்கும் செலவிடுங்கள்.