பேராக் மாணவரும் பொதுச் சார்பியல் நூலும்: அன்றும் இன்றும்

1929 மே 9 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் சுமத்ராவையும் வட மலாயாவையும் கடந்து போனது. சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி, ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டில் கணித்தபடி 1.75 விகலை அளவுக்கு வளைகிறதா என்று அளக்க, ஜெர்மானிய வானியலாளர் எர்வின் பிராய்ன்ட்லிக் சுமத்ராவின் தாகெங்கோனில் கருவிகளோடு காத்திருந்தார். பிரிட்டிஷ் குழு ஒன்று கெடாவின் அலோர் ஸ்டாரில் முகாமிட்டிருந்தது. பொதுச் சார்பியல் பேராக்கின் பக்கத்து வாசல் வரை வந்துவிட்டது. ஆனால் பேராக்கின் பால்மரத் தோட்டங்களில் அன்று பிள்ளைகளுக்கு எட்டிய படிப்பு, தோட்டத் தமிழ்ப் பள்ளியின் சில வகுப்புகளோடு முடிந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதைத் தாண்டிப் படிக்க அது வழி வைக்கவில்லை.

அந்த வழி திறக்க முப்பது ஆண்டுகள் ஆயின. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பிரிவு 1959-இல் தனியாக அமைந்தபோது கணிதப் பேராசிரியராக வந்தவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் பால் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். 1968 வரை அவர் அங்கே கற்பித்தார். ஈப்போவின் ஆங்கிலப் பள்ளிகளில் இடம் பிடித்து, படிவம் ஆறும் தேறிப் பல்கலைக்கழகம் போன தோட்டத்துப் பிள்ளைகள் மிகச் சிலரே. அந்தச் சிலருக்கு, உலகத் தரமான கணிதத்தைக் கற்றுத்தர நம்மவர் ஒருவர் கரும்பலகை முன் நின்றார் என்பது பெருமைக்குரிய வரலாறு.

அக்காலத்தில் பொதுச் சார்பியல் பயில விரும்பிய மாணவருக்குக் கிடைத்த நூல்கள் எடிங்டன் 1923-இல் எழுதியது, டோல்மன் 1934-இல் எழுதியது, பெர்க்மன் 1942-இல் எழுதியது போன்றவை. அவற்றில், வளைந்த வெளிக்காலத்தை விவரிக்கும் டென்சர் கணிதமே நுழைவாயில். அதற்குக் காரணம் இருந்தது. கோட்பாட்டைச் சோதிக்க அன்று இருந்தவை மிகச் சில: புதன் கோளின் பாதை நூறாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புவது, ஒளி வளைவது, ஈர்ப்பால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது. இயற்பியல் குறைவாகவும் கணிதம் நிறைவாகவும் இருந்த துறையில் நூலும் அப்படித்தான் அமைய முடியும்.

வானம்தான் நூல்களை மாற்றியது. 1963-இல் குவாசர்கள், 1965-இல் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு, 1967-இல் பல்சர்கள் என்று, விளங்கிக்கொள்ள இக்கோட்பாடு தேவைப்பட்ட கண்டுபிடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. 1973-இல் மிஸ்னர், தார்ன், வீலர் மூவரும் ஏறத்தாழ 1,300 பக்கத்தில் ‘கிராவிடேஷன்’ நூலை வெளியிட்டார்கள். தொடக்கநிலை மாணவருக்கு ஒரு தடமும் தேர்ந்தவருக்கு இன்னொரு தடமும் அதிலேயே பிரித்து வைத்தார்கள். இரண்டே ஆண்டில் எலியேசரின் ஆசான் டிராக் அதே கோட்பாட்டை எழுபது பக்க அளவில் சுருக்கி எழுதினார். ஒன்று கடல், மற்றொன்று ஊற்று. ஆனாலும் முதல் பட்டப்படிப்பு மாணவருக்கு இரண்டுமே கடினம்.

அவர்களை மனதில் வைத்து பெர்னார்ட் ஷட்ஸ் 1985-இல் முதல்நிலைப் பாடநூல் ஒன்றை எழுதினார். 2003-இல் ஜேம்ஸ் ஹார்ட்டில் வரிசையையே திருப்பிப் போட்டார். விண்மீனைச் சுற்றியுள்ள வளைந்த வெளிக்காலத்தின் சூத்திரத்தை அவர் முன்னதாகவே கையில் கொடுத்துவிடுகிறார். கோள் எப்படிச் சுற்றும், ஒளி எவ்வளவு வளையும், கருந்துளைக்குள் விழுபவருக்கு என்ன ஆகும் என்று மாணவர் கணக்குப் போட்டுப் பழகுகிறார். அந்தச் சூத்திரத்தைத் தரும் ஐன்ஸ்டைன் சமன்பாடு நூலின் பிற்பகுதியில்தான் வருகிறது. பால்வெட்டுப் பழகுகிறவர் முதலில் பட்டையில் கத்தியின் சாய்வைப் பழகி, பால் எந்த நாளத்தில் ஓடுகிறது என்பதைப் பிறகு அறிவதைப் போன்ற முறை இது. 2013-இல் தாமஸ் மூர் வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு பாடத்திலும் மாணவரே கணக்கைச் செய்து நிரப்ப இடம் விட்டுவைத்திருக்கிறது.

நூல் கிடைக்கும் விதமும் மாறிவிட்டது. ஷான் கேரல் தம் வகுப்புக் குறிப்புகளை 1997-இல் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாக வைத்தார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டேவிட் டாங்கின் குறிப்புகளும் எம்ஐடியின் வகுப்புக் காணொளிகளும் அப்படியே திறந்து கிடக்கின்றன. பேராக்கும் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது, தோட்டத்து லயன்களில் இருந்தவர்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் என உயர்கல்வி மாநிலத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மாணவரின் கைப்பேசி காட்டும் வழியும் பொதுச் சார்பியலுக்குச் சான்றுதான்: ஜிபிஎஸ் துணைக்கோள் கடிகாரங்கள் நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துவதைச் சார்பியல் கொண்டு திருத்தாவிட்டால், இடக்கணிப்பு ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பிழைக்கும்.

மாறாதது ஒன்று உண்டு. டென்சரைக் கையால் எழுதிப் போட்டுப் பார்க்காதவருக்கு இந்தப் பாடம் வசப்படாது. இலவசக் குறிப்பைத் தரவிறக்குவது வேறு, அதன் பயிற்சிகளைச் செய்து முடிப்பது வேறு. தமிழ்ப் பள்ளியில் தமிழில் கணக்குக் கற்று, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறி, கடைசியில் ஆங்கில நூலைத் திறக்கும் நம் பிள்ளைக்கு, தடுக்கி நிற்கும் இடத்தில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். அன்று நூல் அரிது, எலியேசரைப் போன்ற ஆசான் வகுப்பில் இருந்தார். இன்று நூல் ஏராளம். துணைதான் அரிது.

ஆகவே ஈப்போவிலும் கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறிய நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை நான்கைந்து மாணவர்களோடு உட்காருங்கள். ஹார்ட்டிலில் தொடங்குங்கள், ஷட்ஸைப் பக்கத்தில் வையுங்கள், பிறகு கேரலுக்குப் போகலாம். கணக்கு ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் நடக்கட்டும். அந்த விளக்கங்களை எழுதியும் வையுங்கள். நாளை வரும் மாணவருக்குத் தமிழில் ஒரு துணைநூல் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.