தாய்வீடு இல்லாத தலைப்பிரசவம்

அரசின் பிள்ளைகள் – 9

பதினாறு வயதுப் பெண் வயிற்றில் பிள்ளையோடு நின்றால் எந்த ஊரிலும் வீடு ரெண்டுபடும். அம்மா அழுவாள், அப்பா கத்துவார். ஆனாலும் பிள்ளை பிறந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டிவிட ஒரு பாட்டி வந்துவிடுவாள். அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேரில், அதாவது அரசின் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களில் வளரும் பெண்ணுக்குக் கத்த அப்பாவும் இல்லை, குளிப்பாட்டப் பாட்டியும் இல்லை. பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பது மாநில அரசு.

எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நேர்வதல்ல இது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் மையம் இல்லினாய்ஸ், விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில் இப்படி வளர்ந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 19 வயதுக்குள் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒருமுறையாவது கருவுற்றிருந்தார்கள். மற்றப் பெண்களோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். உதட்டைப் பிதுக்குவது சுலபம். வீடு மாற்றி வீடு மாற்றி வளர்ந்தவள் தனக்கென்று ஓர் உயிர் வேண்டுமென்று ஏங்கினால், அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, அந்தக் குழந்தையின் செலவு யாருடையது? தாய் அரசின் பொறுப்பில் இருக்கிறாள், குழந்தை இல்லை. 1987-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, தாய்க்கான தொகையோடு அவளுடன் வாழும் குழந்தையின் செலவையும் சேர்த்துத் தர வழிசெய்தது. பிள்ளையை அரசிடம் ஒப்படைக்காமலே பால் பவுடர் வாங்கலாம்.

பணம் வந்தது, இருவரையும் சேர்த்து ஏற்க வீடு? இல்லினாய்ஸில் 1988-ல் இந்தப் பெண்கள் சார்பில் மாநிலக் குழந்தைகள் நலத் துறைமீதே வழக்குப் போட்டார்கள். ‘ஹில் எதிர் எரிக்சன்’ என்ற அந்த வழக்கு 1994-ல் சமரசத் தீர்ப்பில் முடிந்தது. இளம் பெற்றோருக்கான தனிச் சேவைகள் அதன் வழியே வந்தவைதான்.

கலிஃபோர்னியா 2005-ல் இன்னும் நுணுக்கமாக யோசித்தது. தாயையும் சேயையும் ஒன்றாக ஏற்கும் குடும்பங்களுக்குத் தனி அங்கீகாரம் கொடுத்தது. அந்த வீட்டு அம்மாவும் இந்தப் பெண்ணும் உட்கார்ந்து ஒரு காகிதம் எழுதலாம். டயப்பர் யார் வாங்குவது, ஊசி போட யார் கூட்டிப்போவது, இவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பிள்ளையை யார் பார்ப்பது, பிள்ளை எங்கே தூங்குவது, அடம்பிடித்தால் யார் கண்டிப்பது, அதன் அப்பன் பார்க்க வந்தால் எப்போது வருவது – எல்லாம் அதில் வரும். எழுதிக் கையெழுத்திட்டால் அந்தக் குடும்பத்துக்கு மாதம் 200 டாலர் கூடுதல். நம்மூர் மாமியார்-மருமகளுக்கும் இப்படி ஒரு காகிதம் இருந்தால் பாதிச் சண்டை குறையும். வளர்ப்பம்மா ஆசையாகப் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டால் பெற்றவள் ஓரமாகிவிடுவாள். எல்லாவற்றையும் அவள் தலையிலேயே போட்டால் படிப்பு போய்விடும். இரண்டும் நடக்காமலிருக்கத்தான் இந்தக் காகிதம்.

ஆனால் ஒரு விஷயத்தை எந்தக் காகிதமும் தீர்க்கவில்லை. இந்தப் பெண்ணைச் சுற்றி எந்நேரமும் கண்கள். சமூகப் பணியாளர், வக்கீல், நீதிபதி, வளர்ப்புக் குடும்பம். மற்ற வீட்டுப் பெண் தன் அம்மாவிடம், “ராத்திரியெல்லாம் அழுகிறான், தூக்கிப் போட்டுவிடலாம்போல இருக்கு” என்று புலம்பினால் அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு, “போய்த் தூங்குடி” என்பாள். இவள் அதையே தன் பணியாளரிடம் சொன்னால் அது கோப்பில் ஏறும். இல்லினாய்ஸில் இப்படிப்பட்ட தாய்தந்தையரின் பிள்ளைகளை ஆய்வு செய்தபோது, ஐந்து வயதுக்குள் 39 சதவீதப் பிள்ளைகள் விஷயத்தில், கொடுமையா கவனிப்பின்மையா என்று விசாரணை நடந்திருந்தது. 11 சதவீதம் பேர் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். உண்மையான ஆபத்துகளும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யாரும் எட்டிப்பார்க்காத வீடுகளோடு இந்த எண்ணை ஒப்பிடுவது நியாயமில்லை.

கலிஃபோர்னியா சட்டம் இதற்கும் ஒரு வேலி போட்டிருக்கிறது: கர்ப்பத்துக்கு முந்தைய தாயின் நடத்தை, அவள் மாறிய வீடுகள், அவளுக்கு இருந்ததாகக் கண்டறியப்பட்ட உடல்நல, மனநலக் குறைகள் ஆகியவற்றை மட்டுமே வைத்துக் குழந்தைக்கு ஆபத்து என்று முடிவு கட்டக் கூடாது. 2018-ல் வந்த மத்தியச் சட்டம், மனநலச் சிகிச்சைக்கும் வீட்டுக்கே வந்து பிள்ளை வளர்க்கக் கற்றுத்தரும் சேவைகளுக்கும் இவர்களுக்காகப் பணம் ஒதுக்க வழிவிட்டது. கர்ப்பம் தொடங்கிக் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒரே நர்ஸ் வீடு தேடி வரும் திட்டமெல்லாம் இருக்கிறது. என்ன பயன், இவள் வீடே மாறிக்கொண்டிருந்தால்? பெண்ணை இடம் மாற்றாமல் இருப்பதுதான் முதல் உதவி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். இளம் தந்தைகளின் கதை இன்னும் மோசம். பெரும்பாலும் குழந்தை உடன் இல்லாததால் உதவித்தொகைக்கே அவர்கள் தகுதி பெறுவதில்லை.

கலிஃபோர்னியாவில் இந்தப் பராமரிப்பு 21 வயதோடு முடிகிறது. 18-ல் பெற்றவளின் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. தாயின் தொகை நிற்கும் நாளில் பிள்ளையின் தொகையும் நின்றுவிடும்.

(தொடரும்)