ஏரியைச் சுற்றி வருவோம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலிருந்து கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் செல்லும் குடும்பங்கள் அங்குள்ள ஏரியை அறிவர். படகில் ஏறுவர், பிள்ளைகளைக் குதிரைமேல் அமர்த்திப் படம் எடுப்பர், புறப்பட்டுவிடுவர். ஏரியை முழுவதும் நடந்து சுற்றியவர் சிலரே. சுற்றுச்சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். பெரும்பாலும் சமதளமாகச் செல்வதால் முதியோரும் நடக்கலாம். காலை ஆறரை மணிக்குப் படகுத்துறையில் தொடங்கினால், எட்டரைக்குள் அங்கேயே வந்து சேர்வோம். இடம் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கம்பளிச் சட்டையும் நிதான நடையும் தேவை.

ஏரி வட்டமன்று, விண்மீன்போல் பல கைகளை நீட்டிக் கிடக்கிறது. எங்கு நின்றாலும் முழு ஏரியும் கண்ணுக்கு அகப்படாது. எதிர்க்கரை மிக அருகில் தெரியும். சாலையோ ஒரு கையின் ஓரமாய் உள்ளே சென்று வளைந்து மீளும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குவது இங்கேதான்.

இவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. மதுரை கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் பாய்ந்த சதுப்பு நிலத்தின் குறுக்கே 1863-ல் கரை எழுப்பி நீரைத் தேக்கினார். பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து படகை வரவழைத்தவரும் அவரே. ஆல்ப்ஸ் மலை ஏரிகள் பல பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் உண்டானவை. பழனி மலைக்குப் பனியாறு ஏது? இங்கே சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றன. புல்வெளிகளில் பிற்காலத்தில் யூகலிப்டசும் சீகை மரமும் பைன் மரமும் நட்டது அந்த ஏற்பாட்டைக் குலைத்தது.

ஆல்ப்ஸ் என்றதும் சலேத் அன்னை நினைவுக்கு வருகிறார். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த இரு சிறுவர்க்கு அன்னை காட்சி தந்தார். அவர் பெயரால் சேசு சபைத் தந்தை லூயி சேன் சீர் எழுப்பிய ஆலயம் கொடைக்கானலில் ஒரு குன்றின்மேல் நிற்கிறது, 1866-ஆம் ஆண்டினது. நடை முடிந்த பின் அங்கும் செல்வது நன்று.

தெளிவாய்த் தோன்றும் இந்நீருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1983-ல் இவ்வூரில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. பாதரசக் கழிவு வெளிப்பட்டதால் 2001-ல் மூடப்பட்டது. ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் கலந்திருந்ததை அணுசக்தித் துறை ஆய்வாளர் கண்டறிந்து 2006-ல் வெளியிட்டனர். அங்கு உழைத்த தொழிலாளர் 591 பேருக்கு இழப்பீட்டு உடன்பாடு கிடைத்ததோ 2016-ல்தான். பதினைந்து ஆண்டுகள்! நோயோடு காத்திருந்த குடும்பங்களுக்கு அது எத்தனை நீண்ட காலம்!

சென்னைவாசிகளாகிய நமக்கு ஏரியின் கதை புதிதன்று. இன்றைய தியாகராய நகரில் பெரும் பகுதி, மயிலாப்பூரின் நெடிய ஏரி இருந்த இடம். 1920-களில் அதனை வற்றச் செய்து மனைகள் பிரித்தனர். புடவைக் கடைகளுக்கு நடுவே நடக்கையில் யாருக்கு அது நினைவிருக்கிறது?

கூட்டம் மிகுந்துவிட்டதால், 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் பெறவேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. புறப்படுமுன் அப்போதைய விதியை விசாரித்துக்கொள்க.

இறங்கும் வழியில், ஊரிலிருந்து 8 கிலோமீட்டரில் வெள்ளியருவி உண்டு. வண்டியை நிறுத்தினால், குரங்குகள் பையைப் பறிக்குமுன், பிள்ளைகளுக்கு அருவியைக் காட்டுங்கள். காலையில் நாம் சுற்றி வந்த ஏரியின் மிகுநீர்தான் அங்கே பாறையில் விழுகிறது.