கோடையில் சோவியத் சின்சில்லா முயல்: தீவனமும் கையாளும் முறையும்

செட்டிநாட்டுப் பகுதியில் ஆடு, கோழியுடன் நான்கைந்து முயல்களையும் சேர்த்து வளர்க்க நினைப்பவர்கள் 'சின்சில்லா' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்தப் பெயரில் இரண்டு பிராணிகள் உள்ளன. ஒன்று, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்த, அரைக் கிலோ எடையுள்ள கொறிக்கும் பிராணி. அடர்ந்த ரோமம் கொண்ட இது 27 டிகிரி வெப்பத்தைத் தாண்டினாலே மயங்கி விழக்கூடியது. காரைக்குடி வெயிலில் குளிர்சாதன அறை இல்லாமல் இதை வளர்க்க முடியாது.

மற்றொன்று, அதன் சாம்பல் நிற ரோமத்தை ஒத்திருப்பதால் அப்பெயர் பெற்ற சோவியத் சின்சில்லா முயல். இறைச்சிக்காக வளர்க்கப்படும் இந்த இனம் 4 முதல் 5 கிலோ வரை வளரும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையத்தில் இது பராமரிக்கப்படுகிறது. மலைக் குளிரில் நன்கு வளரும் இந்த முயலைச் சமவெளியில் வளர்ப்பவர்கள் தீவனம் கொடுக்கும் நேரத்தையும் கையாளும் முறையையும் மாற்றிக்கொண்டால்தான் கோடை இழப்பைத் தவிர்க்க முடியும்.

வெயிலின் பாதிப்பு

முயலுக்கு வியர்க்காது. உடல் சூட்டைப் பெரும்பாலும் காதுகள் வழியாகவே வெளியேற்றும். 15 முதல் 25 டிகிரி வரை அதற்கு ஏற்ற வெப்பநிலை. 30 டிகிரியைத் தாண்டினால் தீவனம் எடுப்பது குறையும். 35 டிகிரிக்கு மேல் உயிரிழப்பு நேரலாம். கடும் வெயிலில் ஆண் முயலின் விந்துத் தரமும் குறையும். வெயில் தணிந்த பிறகும் சில வாரங்களுக்குச் சினை பிடிக்காமல் போகலாம். இதை மலட்டுத்தன்மை என்று கருதி நல்ல ஆண் முயலை விற்றுவிடக் கூடாது.

தகரக் கூரைக்கு அடியில் கூண்டு வைக்கக் கூடாது. கீற்றுக் கொட்டகை, ஓட்டுத் தாழ்வாரம், மர நிழல் ஆகியவை ஏற்றவை. நண்பகலில் கொட்டகையின் பக்கவாட்டில் ஈரச் சாக்கு தொங்கவிடலாம். ஆனால் காற்றோட்டம் தடைபடக் கூடாது.

என்ன தீவனம், எவ்வளவு?

வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அடர்தீவனமும், 250 முதல் 300 கிராம் பசுந்தீவனமும் தேவை. சினை முயலுக்கும் குட்டி ஈன்ற முயலுக்கும் அடர்தீவனத்தை 150 கிராமாக உயர்த்த வேண்டும். வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கல்யாண முருங்கை இலைகளை முயல் விரும்பி உண்ணும். காலையில் அறுத்த பசுந்தீவனத்தைச் சில மணி நேரம் நிழலில் வாட வைத்துக் கொடுப்பது நல்லது. ஈரப் புல்லும் அதிக அளவு முட்டைக்கோஸும் வயிற்று உப்புசத்தையும் கழிச்சலையும் உண்டாக்கும். சோறு கொடுப்பதைத் தவிர்க்கவும்.

பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு முயலுக்கு விஷம். அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் நச்சு கல்லீரலைப் பாதித்து உயிரையே பறிக்கும். தீவனத்தை மாற்றும்போது பழையதுடன் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, 7 முதல் 10 நாட்களில் முழுமையாக மாற்ற வேண்டும். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இது மிக முக்கியம்.

முயல் அந்தியிலும் இரவிலும்தான் அதிகம் உண்ணும். எனவே கோடையில் அடர்தீவனத்தை விடியற்காலையிலும், பசுந்தீவனத்தைச் சூரியன் மறைந்த பிறகும் கொடுக்க வேண்டும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். பாலூட்டும் முயல் ஒரு நாளில் ஒரு லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் சூடேறிய தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.

முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே உண்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். குடலில் உருவாகும் புரதத்தையும் வைட்டமின்களையும் அது இப்படித்தான் திரும்பப் பெறுகிறது. ஆனால் அரை நாள் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காதைப் பிடித்துத் தூக்காதீர்கள்

காதைப் பிடித்துத் தூக்குவது பலரிடம் உள்ள தவறான பழக்கம். வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நிறைந்த உறுப்பு அது. ஒரு கையால் தோள்பட்டைக்கு மேலுள்ள தளர்ந்த தோலைப் பிடித்து, மறு கையால் பின்பகுதியைத் தாங்கித் தூக்க வேண்டும். தூரம் கொண்டு செல்லும்போது முயலின் தலையை நம் முழங்கைக்குள் மறைத்து, உடலோடு அணைத்துக் கொண்டால் அமைதியாக இருக்கும். பின்பகுதியைத் தாங்காவிட்டால், கால்களை உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். சினை முயலைத் தேவையின்றித் தூக்கக் கூடாது. நண்பகலில் எந்த முயலையும் இடம் மாற்ற வேண்டாம்.

வாரம் ஒருமுறை காலை நேரத்தில் காது, மூக்கு, பல், பாதம் ஆகியவற்றைப் பார்க்கவும். காதில் பொருக்கு கட்டியிருந்தால் சொறி நோயாக இருக்கலாம். அந்த முயலைத் தனியே பிரித்து வைத்து, மருத்துவரின் ஆலோசனைப்படி மருந்து கொடுக்க வேண்டும். சிலவகைச் சொறி மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது அவசியம்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், எச்சில் வடிதல், பக்கவாட்டில் சாய்ந்து படுத்தல் ஆகியவை வெப்ப அயர்ச்சியின் அறிகுறிகள். உடனே நிழலுக்கு மாற்றி, காதுகளைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைக்கவும். ஐஸ் தண்ணீரில் முக்குவதோ, மயங்கிய முயலின் வாயில் தண்ணீர் ஊற்றுவதோ கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் வெயில் தணிந்த பிறகு, ஒரு ஆண், இரண்டு மூன்று பெண் முயல்களுடன் தொடங்கி, ஒரு கோடையைக் கடந்த பின் எண்ணிக்கையைப் பெருக்குவது நல்லது. பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.