பயப்படுபவர் கையில் ரிமோட்

டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். பொழுது சாயும்போது பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக வந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் தெரு அடங்கிவிடும். பெரியவர்களின் ஹாலோவீன் அதற்கப்புறம்தான். மிச்சமிருக்கும் மிட்டாயையும் பாப்கார்னையும் வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பேய்ப்படம் பார்ப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்திருக்கக் கிடைத்த ராத்திரியில், காசு கொடுத்துப் பயப்படுவானேன் என்று நமக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கு நல்ல பதிலும் இருக்கிறது.

இந்த இரவின் வேர் பழையது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சௌவின் என்ற விழா நடந்தது. அன்று இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களின் உலகத்துக்குள் வந்துபோவார்கள் என்று நம்பினார்கள். பிறகு நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள் ஆனது. அதற்கு முந்தைய இரவு ஹாலோவீன் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் குடியேறிகள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இரவைத் திகில் சினிமாவோடு இறுக்கி முடிச்சுப் போட்டது 1978இல் ஜான் கார்பென்டர் எடுத்த ‘ஹாலோவீன்’. மொத்தச் செலவே மூன்று லட்சம் டாலரை ஒட்டித்தான். இசையும் அவரே அமைத்தார். கலிபோர்னியாவின் வசந்தகாலத்தில் படப்பிடிப்பு நடந்ததால், இலையுதிர்காலம் போலத் தெரியச் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவினார்கள். காட்சி முடிந்ததும் பொறுக்கி வைத்து அடுத்த காட்சிக்கு மறுபடி தூவினார்கள். இத்தனை சிக்கனமாக எடுத்த படம் கோடிக்கணக்கான டாலர் வசூலித்தது.

இனி உடம்புக்கு வருவோம். திரையில் ஒருவன் கத்தியை ஓங்கினால், மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. அதே நேரத்தில் மூளையின் முன்பகுதிக்கு இது படம் என்று தெரியும். வாசல் கதவு பூட்டியிருப்பதும் பக்கத்தில் ஆள் இருப்பதும் தெரியும். இந்த இரண்டும் ஒருசேர நடக்கும்போதுதான் பயத்தில் சுவை பிறக்கிறது. பாதுகாப்பு உணர்வு கழன்றுபோனால் மிஞ்சுவது வெறும் அவதி.

அந்தப் பாதுகாப்பு உணர்வில் பெரும்பங்கு பக்கத்தில் இருப்பவருடையது. ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் எடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். ஒரு முறை யார் கையும் இல்லை. ஒரு முறை முன்பின் தெரியாத ஒருவரின் கை. ஒரு முறை கணவரின் கை. கணவரின் கையைப் பிடித்திருந்தபோதுதான் மூளையின் அச்ச எதிர்வினை அதிகமாகத் தணிந்தது. உறவு நன்றாக இருந்த தம்பதிகளிடம் அந்தத் தணிவு இன்னும் கூடுதல். பேய்ப்படம் பார்க்கும்போது கை தானாகப் போய்ப் பக்கத்துக் கையைப் பற்றுகிறதே, அது வெறும் பாவனை இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு பக்கமும் உண்டு. படம் முடிந்தாலும் உடம்பின் படபடப்பு உடனே அடங்காது. அந்த மிச்சப் படபடப்பு, அடுத்து வரும் உணர்ச்சியோடு சேர்ந்து அதைப் பெரிதாக்கும் என்றார் டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர். அவர் இதை 1970களின் தொடக்கத்திலேயே விளக்கியிருக்கிறார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வருகிற சிரிப்பு வழக்கத்தைவிடப் பெரிதாக வருவதும், பக்கத்தில் இருப்பவர் மேல் பாசம் பொங்குவதும் இதனால்தான். ஆனால் அடுத்து வருவது கேலியாக இருந்தால், அது கிளப்பும் கோபமும் அதே அளவுக்குப் பெரிதாகும். “இதுக்குப் போய் இப்படிக் கத்துறியே” என்ற ஒரு வாக்கியம் மற்ற நாளில் காற்றோடு போயிருக்கும்; அந்த நேரத்தில் சுருக்கென்று தைக்கும். அதனால் படத்தைவிடப் படம் முடிந்த அடுத்த கால் மணி நேரம் முக்கியம். எழுந்துபோய் இருவருக்கும் சூடாக ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் தூக்கிவாரிப்போட்டது என்று பேசிச் சிரியுங்கள்.

இதே ஸில்மனும் கூட்டாளிகளும் 1986இல் கல்லூரி மாணவர்களை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். ஆணையும் பெண்ணையும் ஜோடியாகத் திகில் படம் பார்க்கவைத்தார்கள். ஜோடியில் ஒருவர் ஆய்வாளர்கள் சொல்லிவைத்த ஆள். பக்கத்தில் இருக்கும் பெண் பயந்தபோது ஆண்கள் படத்தை அதிகம் ரசித்தார்கள். பக்கத்தில் இருக்கும் ஆண் பயந்தபோது பெண்களின் ரசனை குறைந்தது. இதை இயற்கையின் விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண் அஞ்சக்கூடாது, பெண் அஞ்சவேண்டும் என்று ஊர் கற்றுக்கொடுத்த பாடத்தின் பலன் என்றே நான் படிக்கிறேன். மனைவி கண்கொட்டாமல் பார்க்க, கணவன் தலையணைக்குப் பின்னால் ஒளிகிற வீடுகள் நிறைய. அந்தக் கணவனுக்கு அங்கே வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்மையான சிக்கல் அளவில்தான். பயமும் காரம் மாதிரி: ஒரே குழம்பு ஒருவருக்குச் சப்பென்றிருக்கும், இன்னொருவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயமுறுத்துவதற்கென்றே நடத்தப்படும் ஒரு பேய் வீட்டுக்கு வந்த 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் இன்பமில்லை, மிகக் கூடினாலும் இன்பமில்லை. நடுவில் ஓர் இடத்தில்தான் இன்பம் உச்சத்தில் இருந்தது. அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் மாறும். சேர்ந்து பார்க்கிற இருவருக்கும் ஒரே அளவு பொருந்தும் என்று எதிர்பார்ப்பதில்தான் அந்த ராத்திரி கெட்டுப்போகிறது.

இதற்கு வழியும் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மாத்தியாஸ் கிளாசனும் நண்பர்களும் செய்த ஆய்வில், பேய் வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் பயத்தை முடிந்தவரை கூட்டிக்கொள்ளவும், சிலர் முடிந்தவரை குறைத்துக்கொள்ளவும் முயன்றார்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியோடு வெளியே வந்தார்கள். பயத்தில் மூழ்குவதும் ஓர் இன்பம், பயத்தை அடக்கி ஆள்வதும் ஓர் இன்பம். ஆகவே விரலிடுக்கில் பார்ப்பவரின் கையை விலக்கிவிடாதீர்கள். அவரும் படத்தை ரசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அளவைக் குறைக்க ஓர் எளிய உபாயம்: ஒலியைக் குறையுங்கள். கண்ணைவிடக் காது வழியாகத்தான் திடுக்கிடல் உள்ளே வருகிறது. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்துபோகிறாள். பின்னால் காலடிச் சத்தம். பிறகு முழு அமைதி. சட்டென்று சீறிக்கொண்டு ஒரு பேருந்து வந்து நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் அரங்கத்துக்கே தூக்கிவாரிப்போட்டது. இன்றைக்கும் திகில் படக்காரர்கள் அந்த உத்தியைக் கைவிடவில்லை. அமைதி நீண்டால் அடுத்து ஒரு சத்தம் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டவருக்குப் பாதிப் பயம் குறைந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது? இந்த ‘கேட் பீப்பிள்’ நல்ல தொடக்கம். ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ரத்தம் அதிகமில்லை, கதையே புதுமணத் தம்பதியைப் பற்றியது. அடுத்து 1999இல் வந்த ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’. மாஹேயில் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்த, தமிழ்த் தாயின் மகனான மனோஜ் நைட் ஷியாமளன் எடுத்தது. பயத்தைவிடத் துயரம் மேலோங்கிய படம். முடிவை முன்பே தெரிந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது ‘எ கொயட் ப்ளேஸ்’, 2018. நிஜத்திலும் தம்பதியான ஜான் கிராசின்ஸ்கியும் எமிலி பிளன்ட்டும் கணவன் மனைவியாக நடித்தது. பிரசவக் காட்சி உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அடுத்த வருடம் பாருங்கள். இவை பழகிய பிறகு ‘ஹாலோவீன்’, ‘தி கான்ஜுரிங்’. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைக் கடைசிக்கு வையுங்கள். இயக்குநர் தன் சொந்த வீட்டிலேயே எடுத்த படம் அது. ஒரு ஜோடி தூங்கும் அறையில் கேமரா நிற்கிறது. பார்த்துவிட்டு நீங்கள் போய்ப் படுக்க வேண்டியதும் அப்படி ஓர் அறையில்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இருவரில் அதிகம் பயப்படுபவர் கையில் ரிமோட்டைக் கொடுங்கள். படத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும், ஒலியை அவர் குறைக்கட்டும், போதும் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள். நிறுத்தலாம் என்ற உறுதி இருப்பவர்தான் கடைசிவரை பார்ப்பார். பயம் பிடிக்கவே பிடிக்காதவரை வற்புறுத்த வேண்டாம். சேர்ந்து பார்க்க வேறு படங்கள் எத்தனையோ இருக்கின்றன.