எலும்பு முறிந்தால் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

மழைக்குப் பெயர்போன ஊர் தைப்பிங். தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெறும் ஊர்களில் அதுவும் ஒன்று. நனைந்த சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்குவதும், குளியலறையில் வயதானவர்கள் வழுக்கி விழுவதும், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் கால் இடறுவதும் இங்கு புதிய செய்தியல்ல. கை முறிகிறது, கால் முறிகிறது, இடுப்பு முறிகிறது. உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டம்.

அங்கே நம்மவர்கள் பலர் என்ன செய்கிறார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தாதி வந்து “ரொம்ப வலிக்கிறதா?” என்று கேட்டால், “பரவாயில்லை” என்கிறார்கள். பால்மரக் காட்டில் விடியலுக்கு முன்பே வேலைக்கு இறங்கி, காயம் பட்டாலும் வேலையை முடித்த பிறகே தோட்ட மருத்துவமனையின் டிரஸ்ஸரிடம் போன தலைமுறை அது. வலியைச் சொன்னால் கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் இன்னும் போகவில்லை.

ஆனால், முறிந்த எலும்புக்குச் சகிப்புத்தன்மை மருந்தாகாது. வலியைத் தணிப்பது சிகிச்சையின் முதல் பகுதி. அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

வலியால் என்ன கெடுதல்?

எலும்பை ஒட்டி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அதில் நரம்புகள் நிறைந்துள்ளன. எலும்பு முறிந்ததும் அந்த உறை கிழிகிறது. முறிந்த முனைகள் அசையும்போதெல்லாம் வலி சுரீரென்று ஏறுகிறது. வலி தாங்காமல் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. அந்த இறுக்கம் எலும்பு முனைகளை மேலும் இழுத்து விலக்குகிறது. வலி இன்னும் கூடுகிறது. இது ஒரு சுழல்.

விலா எலும்பு முறிந்தவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. சளி தேங்கி நிமோனியா வரை போகலாம். இடுப்பு முறிந்த முதியவர்களுக்கு வலி சரியாகத் தணிக்கப்படாவிட்டால், இடம் காலம் தெரியாத மனக்குழப்பம் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. “பாட்டிக்குத் திடீரென்று புத்தி தடுமாறிவிட்டது” என்று குடும்பம் கலங்கும்போது, அதற்கு வலியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐந்தாவது அளவு

உடல் சூடு, நாடித் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் மருத்துவமனையில் அளப்பது வழக்கம். வலியையும் ஐந்தாவதாக அளக்க வேண்டும் என்று மலேசியச் சுகாதார அமைச்சு 2008-ஆம் ஆண்டு முடிவு செய்து, அரசு மருத்துவமனைகளில் அத்திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வலியே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாத வலிக்கு 10. ஒன்று முதல் மூன்று வரை லேசானது. நான்கு முதல் ஆறு வரை நடுத்தரம். ஏழும் அதற்கு மேலும் கடுமையானது. எண் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்குச் சிரித்த முகம், அழும் முகம் வரைந்த படங்கள் உண்டு.

இந்த எண்ணை நோயாளிதான் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படத்தில் முறிவு தெரியும். வலி தெரியாது. எட்டு என்று சொல்ல வேண்டியவர் கூச்சப்பட்டு மூன்று என்றால், மூன்றுக்குரிய மருந்துதான் கிடைக்கும்.

வலி கவனிக்கப்படாமல் போவது உலகெங்கும் உள்ள குறைதான். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கை, கால் எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1993-இல் வெளிவந்தது. வெள்ளையர்களில் 26 விழுக்காட்டினருக்கு வலி மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. ஹிஸ்பானிய இனத்தவரில் அந்த அளவு 55 விழுக்காடு! மலாயில் தயங்கித் தயங்கிப் பேசும் நம் வீட்டுப் பெரியவர்களோடு ஒருவர் துணைக்குப் போய், அவர்கள் சொல்வதை எடுத்துச் சொல்வது எவ்வளவு அவசியம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மருந்துக்கு முன்

முதல் வலி நிவாரணி அசையாமை. முறிந்த இடத்தைக் கட்டையோ கெட்டியான அட்டையோ வைத்து, மேலும் கீழும் உள்ள மூட்டுகளும் அசையாதபடி கட்டினாலே வலி வெகுவாகக் குறையும். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்கள் ஏராளமாக மாண்டனர். தாமஸ் பட்டை எனப்படும் இரும்புச் சட்டத்தைப் போர்முனையிலேயே கட்டி அனுப்பத் தொடங்கிய பிறகு அந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன.

வீங்கிய இடத்தில் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். முறிந்த கையைத் தூக்கி வைக்கலாம். கோணிய எலும்பை நேராக்க வீட்டில் முயலக்கூடாது. எலும்பு வெளியே தெரிந்தாலோ, கழுத்து, முதுகு, இடுப்பில் அடி என்றாலோ ஆளைத் தூக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனையில் என்னென்ன வழிகள்?

லேசான, நடுத்தர வலிக்கு நமக்குப் பழக்கமான பனடோல், அதாவது பாராசிட்டமோல்தான் தொடக்கம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. இதோடு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும் சேரலாம். இவற்றைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கை, கால் வலியோடு வந்த 400-க்கும் மேற்பட்டோரிடம் நியூயார்க்கில் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. பாராசிட்டமோலும் இபுபுரோஃபெனும் சேர்ந்து, அபின் வகை மாத்திரைகளுக்கு ஈடாக இரண்டு மணி நேரத்தில் வலியைக் குறைத்ததாக அது காட்டியது. ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும் டிங்கிக் காய்ச்சல் சந்தேகம் உள்ளவர்களுக்கும் இபுபுரோஃபென் வகை ஆகாது. நீரிழிவு நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடுமையான வலிக்கு மோர்ஃபின் அல்லது ஃபெண்டானில். இரத்தக் குழாய் வழியாகச் சிறிது சிறிதாகக் கொடுத்து, சில நிமிடம் பார்த்து, தேவையானால் மீண்டும் கொடுப்பார்கள். தூக்கம், குமட்டல் வரலாம். மூச்சு மெதுவாகிறதா என்று தாதியர் கவனிப்பார்கள். அளவு கூடினால் முறிக்கும் மருந்தும் உண்டு. ஊசிக்கு அழும் குழந்தைகளுக்கு ஃபெண்டானிலை மூக்கில் தெளித்தும் கொடுக்க முடியும்.

முகமூடி வழியாக நோயாளி தானே சுவாசிக்கும் வாயு ஒன்று உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு பாதி, ஆக்சிஜன் பாதி. சில நிமிடங்களில் வேலை செய்யும். முகமூடியை எடுத்தால் விரைவில் தெளிந்துவிடும். மார்பில் அடிபட்டு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தவர்களுக்கு இது கூடாது.

இன்னொரு வழி நரம்பு மரப்பு ஊசி. பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப் போவதைப் போல, முறிந்த பகுதிக்குச் செல்லும் நரம்பையே மரக்கச் செய்வது இது. ஸ்கேன் கருவியில் இடத்தைப் பார்த்து இடுப்பின் முன்பக்கம் போடும் ஊசி, இடுப்பு முறிந்த முதியவர்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். பல மணி நேரம் வலி தணியும். மோர்ஃபினின் தேவையும் குறையும். மணிக்கட்டு முறிவுக்கு முறிந்த இடத்திலேயே மரப்பு மருந்து செலுத்துவதும் உண்டு.

விலகிய எலும்பை இழுத்துப் பொருத்தும்போது கெட்டமின் போன்ற மருந்தால் சிறிது நேரம் மயக்க நிலையில் வைப்பார்கள். இதனால்தான் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது “தெம்புக்கு” என்று மைலோவும் ரொட்டியும் கொடுக்கக்கூடாது.

எல்லா மருத்துவமனையிலும் எல்லா வழிகளும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வலியோடு வருபவருக்குக் கொடுக்க ஏதும் இல்லாத அவசரப் பிரிவு இருக்க முடியாது.

நேயர்கள் அடிக்கடி கேட்பவை

மோர்ஃபின் போட்டால் அடிமையாகிவிடுவோமா? முறிவு வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஓரிரு வேளை போடும் ஊசியால் அப்படி ஆவது மிக அரிது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அபின் வகை மாத்திரைகளைச் சொன்ன நாளுக்கு மேல் தொடர்வதுதான் ஆபத்து.

வலியை அடக்கினால் நோய் மறைந்துவிடாதா? முறிவு எக்ஸ்ரேயில் தெரியும். வலி குறைந்தால் படம் எடுப்பதும் சோதிப்பதும் எளிது.

சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொள்ளலாமா? முறிவு இல்லை என்று படம் பார்த்து உறுதியாகும் வரை கூடாது. முறிந்த முனை இரத்தக் குழாயையோ நரம்பையோ வெட்டிவிடலாம்.

மாவுக்கட்டு போட்ட பிறகும் வலித்தால்? கொஞ்சம் வலி இருக்கும். ஆனால் மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, வெளுத்தாலோ, அசைக்க முடியாமல் போனாலோ விடியும் வரை காத்திருக்கக்கூடாது. உள்ளே வீங்கி இரத்த ஓட்டம் தடைபடுவதன் அடையாளம் அது. சில மணி நேரத் தாமதமும் தசையை அழித்துவிடும். அந்த நேரத்தில் “பொறுத்துக்கொள்” என்று சொல்வது அன்பாகாது.

சொல்ல வேண்டியவை நான்கு

முதலாவது, வலி பத்துக்கு எத்தனை என்ற எண். இரண்டாவது, ஒவ்வாமை தந்த மருந்துகள். மூன்றாவது, நீரிழிவு, சிறுநீரகம், ஆஸ்துமா, வயிற்றுப் புண் போன்ற நோய்களும், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உள்படச் சாப்பிடும் மருந்துகளும். நாட்டு மருந்தையும் மறைக்கக்கூடாது. நான்காவது, கடைசியாகச் சாப்பிட்ட நேரமும், வீட்டில் பனடோல் போட்டிருந்தால் அந்த நேரமும்.

மருந்து கொடுத்து அரை மணி நேரம் ஆகியும் குறையவில்லையா? மறுபடியும் தாதியை அழைத்துச் சொல்லலாம். அது தொந்தரவு கொடுப்பதாகாது. சொன்னால்தான் அடுத்த மருந்தை அவர்களால் முடிவு செய்ய முடியும்.